ஃபோர் பை ஃபோர் பிக்கப்பில் அடியிலிருந்து சத்தமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு வில்சன் கார்டனில் எங்கள் பட்டறை. இங்கே வருவதில் பெரும்பாலும் பிக்கப் வண்டிகள்தான். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ், பழைய ஸ்கார்ப்பியோ கெட்அவே, எப்போதாவது ஒரு ஸெனான். குடகிலும் சக்லேஷ்பூரிலும் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள், கனகபுரா பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள், சனி ஞாயிறு ஆனால் மலைப்பாதை தேடிப் போகிற ஐ.டி. பசங்கள் எல்லோரும் வருவார்கள். ஓட்டுபவர்களில் நிறைய பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்க்காரர்கள். அவர்கள் போனில் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அதைக் கவனித்துச் சொல்கிறவருடைய வண்டியில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கீழே ஊளை மாதிரி சத்தம் வருது அண்ணா. டிஃபரன்ஷியல் போயிடுச்சா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். டிஃபரன்ஷியல் என்பது ஆக்சிலின் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி. டயர், வீல் பேரிங், கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி), கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) எல்லாமே ஊளையிடும். ஊளை என்றதும் கிரவுன் பினியன் செட் வாங்க ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

முதலில் ஒரு எளிய சோதனை. காலியான, நேரான ரோட்டில் சத்தம் நன்றாகக் கேட்கிற வேகத்துக்குப் போங்கள். 60 கிலோமீட்டர் என்று வையுங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வண்டியை அப்படியே உருள விடுங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது, அணைத்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். இப்போது எஞ்சின் ஐடிலில் இருக்கிறது, சக்கரங்கள் மட்டும் அதே வேகத்தில் சுற்றுகின்றன. சத்தம் சட்டென்று நின்றுவிட்டால் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். குணம் மாறியோ கொஞ்சம் குறைந்தோ போனால் கிரவுன் பினியன் மேல் சந்தேகம் வரலாம், ஏனென்றால் அதன் பற்களின் மேல் இருந்த சுமைதான் இப்போது போயிருக்கிறது. துளிகூட மாறாமல் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் டயர் அல்லது வீல் பேரிங். பத்துக்கு எட்டு முறை இதில் வழி தெரிந்துவிடும்.

டயரா, வீல் பேரிங்கா? இரண்டும் ஒரே மாதிரி ஹம் என்கிறதே?

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டயர் சத்தம் ரோடுக்கு ரோடு மாறும். பெங்களூரில் இதைச் சோதிப்பது சுலபம். தார் ரோட்டிலிருந்து ஒயிட்டாப்பிங் செய்த கான்கிரீட் ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். ரோடு மாறினதும் சத்தத்தின் சுருதி மாறினால் டயர். பேரிங்குக்குத் தார் என்ன, கான்கிரீட் என்ன, இரண்டும் ஒன்றுதான். பெரிய கட்டை வைத்த மட் டயர் புதிதிலேயே ஹம் என்றுதான் இருக்கும். ஆனால் டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போடாமலே ஓட்டினால் கட்டைகள் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தேய்ந்து ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். உள்ளங்கையை டயர் மேல் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த் திசையில் கையைப் பிடிக்கும். அந்த டயர் கத்தத்தான் செய்யும்.

பேரிங்குக்கு இன்னொரு வழி. நைஸ் ரோடு மாதிரி அகலமான இடத்தில், முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாக வலப்பக்கம் திருப்பி லேன் மாறுங்கள். வண்டியின் எடை இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். சத்தம் கூடினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங். இடப்பக்கம் திருப்பும்போது கூடினால் வலப்பக்கம்.

பட்டறையில் உறுதி செய்கிற முறை இதைவிடத் தெளிவு. முன் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையின் விரல்களைக் காயில் ஸ்பிரிங் மேல் வைத்துப் பார்ப்போம். நல்ல பேரிங் என்றால் விரலில் ஒன்றும் தெரியாது. போன பேரிங் என்றால் அம்மியில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நரநரப்பு ஸ்பிரிங் வழியாக ஏறி வரும். காதுக்கு எட்டாதது விரலுக்கு எட்டிவிடும். பின்பக்கம் என்றால் பட்டை ஸ்பிரிங் மேல் விரலை வைக்கலாம்.

ஆக்சிலேட்டர் மிதித்தால் ஊளை, விட்டால் நின்றுவிடுகிறது. இது என்ன?

இப்போது டிஃபரன்ஷியல் பக்கம் வரலாம். கிரவுன் வீலின் பற்களுக்கு இரண்டு முகம். மிதிக்கும்போது ஒரு முகம் சுமை வாங்கும், காலை எடுத்தால் மறு முகம். மிதித்தால் மட்டும் ஊளை என்றால் இழுக்கிற முகத்தில் தேய்மானம் அல்லது தவறான பதிவு, அதாவது பற்கள் ஒன்றையொன்று தொடுகிற இடம் சரியில்லை. காலை எடுத்தால் மட்டும் ஊளை என்றால் பினியன் பேரிங்கின் இறுக்கம் போயிருக்கலாம், பினியன் நட் தளர்ந்திருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் கரகரவென்று அடித்தொண்டையில் வந்தால் பற்களைவிட பேரிங்குகளைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். வளைவில் மட்டும் டிஃபரன்ஷியலுக்குள் சத்தம் என்றால் உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன்கள். நேரே போகும்போது அவற்றுக்கு வேலை இல்லை.

கிரவுனும் பினியனும் ஒன்றோடு ஒன்று உரசி ஜோடியாகவே செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். மாற்றிய பிறகு டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளியை அளக்க வேண்டும். பல வண்டிகளில் அது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவே சரியானது. பற்களில் சாயம் தடவிச் சுற்றி, பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் மூடினால் புது செட்டே ஊளையிடும்.

பினியன் ஆயில் சீல் மாற்றின பிறகுதான் ஊளை ஆரம்பித்தது. சீலுக்கும் ஊளைக்கும் என்ன சம்பந்தம்?

சீலுக்குச் சம்பந்தம் இல்லை. சீலைக் கழற்ற அவிழ்த்த நட்டுக்குத்தான் சம்பந்தம்.

போன மழைக்காலத்தில் ஒரு வண்டி வந்தது. வேறொரு இடத்தில் ஆயில் கசிவுக்காக சீல் மாற்றியிருக்கிறார்கள். மாற்றி மூன்று வாரத்தில் 70 கிலோமீட்டருக்கு மேல் போனாலே பின்னாலிருந்து ஊளை. ஹவுசிங்கைத் தொட்டுப் பார்த்தேன், பினியன் பக்கம் கை வைக்க முடியாத சூடு. பல வண்டிகளில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கு நடுவே க்ரஷ் ஸ்லீவ் என்று ஒரு மெல்லிய குழாய் இருக்கும். நட்டை முறுக்க முறுக்க அது கொஞ்சமாக நசுங்கி, பேரிங்குக்குச் சரியான இறுக்கம் கொடுக்கும். அந்த வண்டியில் இம்பாக்ட் கன்னை வைத்து நட்டை ஓங்கி இறுக்கியிருக்கிறார்கள். ஸ்லீவ் அளவுக்கு மேல் நசுங்கி, பேரிங் நெருக்கடியில் காய்ந்து, ரோலர்கள் நீலம் பாரித்திருந்தன. சின்ன சீல் வேலை, இரண்டு பேரிங் செலவாக முடிந்தது. அந்த டிரைவரின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. வண்டி அவருடையது இல்லை, முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் சீல் மாற்றக் கொடுத்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: நட்டைக் கழற்றும் முன் பினியனைச் சுற்றத் தேவைப்படும் முறுக்கை அளந்தீர்களா, நட்டின் இடத்தைக் குறித்தீர்களா? ஸ்லீவ் ஒருமுறை அதிகம் நசுங்கினால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புது ஸ்லீவ்தான் போட வேண்டும்.

கியர் போட்டு கிளட்ச் விடும்போதும், ரிவர்சிலிருந்து முன்னே போகும்போதும் ‘டொக்’ என்கிறது.

முறுக்கு திசை மாறும்போது எங்கேயோ இருக்கிற இடைவெளி மூடுகிறது. அந்தச் சத்தம்தான் அது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் (ஆக்சிலுக்கு இழுவை கொண்டுபோகிற நீளக் குழாய்) கிராஸ் (அதன் கூட்டல் குறி வடிவ மூட்டு), சறுக்கும் யோக் (கிராஸைப் பிடிக்கிற கவடு), கிரவுன் பினியன், ஆக்சிலின் பற்கள் என்று எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி சேர்ந்திருக்கும். பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே டொக் வரும். அதை முதலில் பாருங்கள், ஸ்பேனர் வைத்தால் தெரிந்துவிடும்.

கிராஸைப் பார்க்க: சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, நியூட்ரலில் விட்டு அடியில் போங்கள். கிராஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. துணி பிழிகிற மாதிரி எதிரெதிராகத் திருப்புங்கள். நல்ல கிராஸில் அசைவே இருக்கக் கூடாது. கொஞ்சம் என்றாலும் கிளிக் என்று அசைந்தால் அது மாற்ற வேண்டியது. கிராஸின் முனைகளில் இருக்கிற கப்பைச் சுற்றி மஞ்சள்கலந்த செம்பு நிறத்தில் ஒரு தூள் படிந்திருந்தால் இன்னும் உறுதி. கிரீஸ் காய்ந்து ஊசி ரோலர்கள் துருப்பிடித்து அரைபட்ட தூள் அது. மறுபக்கம், முழு ஷாஃப்டையும் சேர்த்துத் திருப்பும்போது தெரிகிற சிறு ஆட்டம் கிரவுன் பினியனின் இயல்பான இடைவெளி. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மெதுவாகப் போகும்போது குருவி மாதிரி கீச்கீச். பிரேக்கா, கிராஸா?

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது. ஒரு சாக்பீஸ் போதும். பின் டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போடுங்கள். காலியான தெருவில் ஒருவர் நடைவேகத்தில் ஓட்டட்டும், நீங்கள் கூடவே, சக்கரத்திலிருந்து தள்ளி நடங்கள். கோடு ஒரு சுற்று வருவதற்குள் எத்தனை கீச் என்று எண்ணுங்கள்.

இந்த வண்டிகளில் டயர் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் ஏறக்குறைய நாலு சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு கீச் என்றால் சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று: பிரேக், ட்ரம், பேரிங். நாலோ அதற்கு மேலோ என்றால் ஷாஃப்டில் இருக்கிற கிராஸ். கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடித்துப் பாருங்கள். நாலு கப்பின் ஓரத்திலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்று அடைபட்டிருக்கிறது. கீச் இரண்டு நாள் நின்று மறுபடி வந்தால் மாற்றிவிடுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது, நின்ற மறு நொடி ஒரு ‘டக்’?

பெரும்பாலும் ஷாஃப்டின் சறுக்கும் பகுதி. பிரேக் அடித்தால் பின்பக்க ஸ்பிரிங் நெளிந்து ஷாஃப்டின் நீளம் மாறுகிறது. அங்கே கிரீஸ் காய்ந்திருந்தால் ஒட்டிக்கொண்டு, பிறகு விடுபடுகிறது. கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தால் போய்விடும். ஆபத்தில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு துண்டுக்கும் சேர்த்து பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரண்டு முனையின் யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்காது. அப்புறம் வண்டி நடுங்கும், காரணம் தெரியாமல் டயர் பேலன்சிங் செய்துகொண்டே இருப்பீர்கள்.

லிஃப்ட் கிட் போட்டேன். கிளம்பும்போது 20, 30 கிலோமீட்டர் வரை அடி வயிறு அதிர்கிறது.

இரண்டு துண்டு ஷாஃப்டுக்கு நடுவில் ரப்பரில் தொங்குகிற சென்டர் பேரிங் இருக்கிறது. ரப்பர் கிழிந்தாலும் இப்படி அதிரும். ஆனால் வண்டியை உயர்த்திய அன்றிலிருந்து என்றால் ஷாஃப்டின் கோணம்தான் காரணம். கோணம் கூடக் கூட கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும், அதிர்வு அங்கிருந்து வருகிறது. சென்டர் பேரிங்கைத் தகடு வைத்துக் கீழே இறக்கியோ, பின் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வைத்தோ கோணத்தைச் சரிசெய்யலாம். முன்னாலும் சிவி ஜாயின்ட் (முன் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற ஷாஃப்டின் மடங்கும் மூட்டு) கோணம் கூடிவிடும், அதன் ரப்பர் உறையான பூட் சீக்கிரம் கிழியும். உயரம் அழகுதான். இரண்டு அங்குலத்துக்கு மேல் போகும் முன் இதையெல்லாம் யோசியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் திருப்பும்போது வண்டி இழுத்துப் பிடிக்கிறது, டயர் குதிக்கிறது, கீழே படார் என்கிறது!

4எச் (நாலு சக்கரமும் இழுக்கிற நிலை) போட்டதை எடுக்க மறந்திருக்கிறீர்கள். ஞாயிறு ராத்திரி போன்களில் இதுதான் முதலிடம்.

வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டும் தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்தையும் இணைக்கிற வண்டிகள். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன. சேற்றிலும் மணலிலும் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். காய்ந்த கான்கிரீட்டில் சறுக்காது, முறுக்கு ஷாஃப்டுகளுக்குள் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் டயர் துள்ளி விடுபடும். இப்படி ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயினும் முன் டிஃபரன்ஷியலும் அடிவாங்கும்.

ஸ்டீயரிங்கை நேராக்கி, சில மீட்டர் ரிவர்ஸ் போய், 2எச்சுக்கு (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கிற நிலை) மாற்றுங்கள். முறுக்கு அவிழ்ந்தால் தானே விலகும். லீவரையோ சுவிட்சையோ வலுக்கட்டாயமாக இழுக்க வேண்டாம்.

ஃபோர் பை ஃபோரில் போட்டால் மட்டும் சத்தம். 2எச்சில் ஒன்றும் இல்லை.

சேற்றில், ஏற்றத்தில், சுமையோடு மிதிக்கும்போது ‘பட் பட்’ என்று துள்ளல் வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயின் நீண்டு, பல்லைத் தாண்டுகிறது. எல்லா வண்டியிலும் செயின் இருக்காது, கியர் மட்டுமே உள்ளவையும் உண்டு. செயின் மேல் பழி போடும் முன் நாலு டயரும் ஒரே அளவா, தேய்மானம் ஒரே மாதிரியா என்று பாருங்கள். முன்னால் புது டயர், பின்னால் பாதி தேய்ந்த டயர் என்றால் நேர் ரோட்டிலேயே முறுக்கு ஏறும்.

ஸ்டீயரிங்கை முழு லாக் திருப்பினால் கடகடவென்று?

சிவி ஜாயின்ட். பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போயிருக்கும். ஹப் லாக் (முன் சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து விடுவிக்கிற அமைப்பு) இல்லாத வண்டிகளில் 2எச்சிலும் இந்த ஷாஃப்ட் சுற்றும், அதனால் 2எச்சிலும் கேட்கும். கிழிந்த அன்றே கண்டுபிடித்தால் பூட்டோடு போகும். சர்வீஸின்போது முன் சக்கரத்தைத் திருப்பிவைத்துப் பூட்டின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள்.

கிளட்ச் மிதித்தால் சத்தம் வருகிறது. இன்னொரு வண்டியில் மிதித்தால் நிற்கிறது.

மிதித்தால் வருவது ரிலீஸ் பேரிங், அதாவது மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கிற பேரிங். நியூட்ரலில் கேட்டு, மிதித்தால் நிற்பது பெரும்பாலும் கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங்.

ஆற்றைக் கடந்து வந்த பிறகு சத்தம் ஆரம்பித்தது. தண்ணீர் போயிருக்குமா?

போயிருக்கும் என்றே வைத்துக்கொண்டு பாருங்கள். ஓடிவந்த ஆக்சில் சூடாக இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். ஆக்சிலின் மூச்சுக்குழாய் (காற்று போய்வருகிற சிறு குழாய்) மண்ணால் அடைபட்டிருந்தால் அந்த உறிஞ்சல் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் ப்ளக்கைக் கழற்றுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர். உடனே வடித்துப் புது ஆயில் விட்டு, கொஞ்சம் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். காத்திருந்தால் பேரிங் துருப்பிடிக்கும்.

ப்ளக்கின் காந்தத்தையும் பாருங்கள். விபூதி குழைத்த மாதிரி சாம்பல் நிறப் பசை இயல்பானது. விரலில் குத்துகிற செதில், பல்லின் துண்டு என்றால் ஓட்டாதீர்கள்.

ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம், குழப்பமும் வேண்டாம். பின் டிஃபரன்ஷியலுக்கு பெரும்பாலும் ஜிஎல்-5 தரம். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 சொல்லியிருந்தால் ஜிஎல்-5 ஊற்றக் கூடாது, அதில் இருக்கும் சேர்மானம் சில கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையங்களை அரிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு சில வண்டிகளில் கியர் ஆயிலே இல்லை, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். மேனுவலைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே ஜாக் போட்டு ஓடவிட்டுக் கேட்கலாமா?

வேண்டாம். 4எச்சில் இருந்தால் தரையில் இருக்கிற சக்கரம் வண்டியை ஜாக்கிலிருந்து தள்ளிவிடும். லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் மறு சக்கரத்துக்கும் இழுவை கொடுப்பது) இருந்தால் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கியிருந்தாலும் அதே கதை. கையால் சுற்றிப் பார்ப்பது வேறு, எஞ்சின் போட்டுச் சுற்றுவது வேறு. இரண்டாவதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். சுற்றுகிற ஷாஃப்ட் பக்கத்தில் லுங்கியோ துப்பட்டாவோ கட்டிய யாரையும் நிற்க விடாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. சக்கரம் பக்கம் திடீரென்று தகரம் உரசுகிற சத்தம் வந்தால், பயப்படும் முன் பிரேக் டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கிற தகட்டுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ஜல்லிக்கல் மாட்டியிருக்கும்.

சத்தம் வந்துவிட்டது, மலையில் இருக்கிறேன். பெங்களூரு வரை ஓட்டலாமா?

வீல் பேரிங் ஹம் என்கிறது, சக்கரத்தில் ஆட்டம் இல்லை, கை வைக்கிற சூடுதான் என்றால் மெதுவாக வரலாம். 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தித் தொட்டுப் பாருங்கள். சக்கரம் ஆடினால் அங்கேயே நிறுத்துங்கள். கிரவுன் பினியன் ஊளை, ஆயில் இருந்தால் வரலாம். கடகடவென்று இரும்பு இடிக்கிற சத்தம் டிஃபரன்ஷியலுக்குள் என்றால் ஒரு அடிகூட வேண்டாம். பல் முறிந்து பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வளைவில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பின் ஷாஃப்டின் கிராஸ் உடைந்துவிட்டால் ஒரு வழி உண்டு. சக்லேஷ்பூர் பக்கம் ஒரு தம்பிக்கு இரவு ஒன்பது மணிக்குப் போனிலேயே சொல்லி வரவழைத்திருக்கிறேன். முதலில் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். பின் ஷாஃப்டை இரண்டு பக்கமும் கழற்றி, பின்னால் சாமான் ஏற்றுகிற டிரேயில் போடுங்கள், 4எச் போடுங்கள். முன் சக்கரங்கள் மட்டும் வண்டியை இழுக்கும், 30 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் அடுத்த ஊர் வரை வரலாம். ஆனால் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸுடன் ஃபிளான்ஜ் போல்டில் இணைந்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். உள்ளே செருகுகிற வகை என்றால் கழற்றியதும் அந்த ஓட்டை வழியாக ஆயில் கொட்டிவிடும். ஷாஃப்ட் இல்லாத நிலையில் 2எச்சுக்கு மாறினால் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, உருளும். ஹேண்ட்பிரேக்கோடு கல்லும் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.